ஒரே எண்

கோல்ட் நேவி ரிவால்வரின் இன்றைய நகல்களுக்குப் புது சிலிண்டர் வாங்கிப் போட்டால் பல சமயம் சரியா உட்காராது. ஹேமரை இழுத்தால் சிலிண்டர் சுழல வேண்டும். ஆறு அறைகளில் ஒன்று குழலுக்கு நேராக வந்ததும் பூட்டு விழ வேண்டும். மயிரிழை பிசகினாலும் போச்சு. வரைபடத்தில் தப்பிருக்காது, ஒவ்வொரு பாகத்தின் சின்ன விலகலும் சேர்ந்துதான் வம்பு. கடைசியில் அரம்தான் கதி.

இது நகலின் குறை என்றுதான் நினைத்தேன். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களை வைத்தார். அதே ஆண்டு அங்குள்ள சிவில் பொறியாளர் கழகத்தில் இயந்திர உற்பத்தி பற்றிக் கட்டுரையும் வாசித்தார். எந்தப் பாகமும் எதிலும் பொருந்தும் என்ற புகழ் பரவியது.

ஆனா அந்தக் காலத்து கோல்ட்டைப் பிரித்துப் பாருங்க. சட்டகம், குழல், சிலிண்டர் எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண். ஏன்? இரும்பு மென்மையாக இருக்கும்போதே தொழிலாளர்கள் பாகங்களை அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். பிறகு பிரித்துக் கடினப்படுத்தினார்கள். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் மறுபடி சேராது. அதற்குத்தான் எண்.

இயந்திரம் முக்கால் கிணறுதான் தாண்டியது. மிச்சத்தை அரம் தாண்டியது. குழலின் மேல் பொறித்ததோ கோல்ட்டின் பெயரை.