பண்ணைக் கணக்கு நோட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை

காவிரிப் படுகையில் நிலத் தகராறு என்று கோர்ட்டுக்குப் போனால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: எழுத்தில் என்ன இருக்கிறது? அந்த எழுத்து காலங்காலமாக மிராசுதார் வீட்டில் இருந்தது. எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள், கடன் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் அவர்கள் நோட்டில். நம் பக்கம் இருந்தது வாய்ச்சொல் மட்டுமே.

போராடிப் பெற்ற சட்டங்களும் இந்த இடத்தில்தான் தடுமாறின. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே சொந்தமாக்கிய சட்டம். உரிமை காகிதத்தில் வந்தது. ஆனால், வாய்மொழிக் குத்தகையில் உழுதவர் தான் உழுததை எதை வைத்து நிரூபிப்பார்?

வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை வெண்மணி காட்டியது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலக்காரர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பணக்கார மிராசுதார்கள் தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. பிழைத்தவர்களின் சாட்சியம் நிற்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. கூலி பேசியது வாட்ஸ்அப்பில், வரப்பை வெட்டியது வீடியோவில். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவைச் சேர்த்து, மின்னணுப் பதிவுக்கு ஒரு வழி திறந்தது. அந்த வழிக்கும் ஒரு கதவு உண்டு. அதுதான் சான்றிதழ்.

அன்வர் எதிர் பஷீர் வழக்கு கேரளத் தேர்தல் தகராறு. அதில் சான்றிதழ் இல்லாத சிடிக்களை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மேலும் தெளிவாக்கியது: அசல் போனையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை, நகலுக்குக் கட்டாயம். கருவியை வைத்திருப்பவர் சான்றிதழ் தர மறுத்தால் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு, நிபுணரின் கையெழுத்தையும் ஹேஷ் எண்ணையும் சேர்த்துக் கேட்கிறது.

ஹேஷ் எண் என்பது ஃபைலின் கைரேகை. ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அது ஏன் முக்கியம் என்பதற்குப் பீமா கோரேகான் வழக்கு உதாரணம். ரோனா வில்சனின் லேப்டாப்பில் இருந்த கடிதங்கள் வெளியிலிருந்து நுழைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்பதே உண்மை ஆகிவிடாது. எப்போது வந்தது, யார் வைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

எதிராளியின் கணக்கையும் நாம் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11 அதற்கானது. வழக்குக்குத் தொடர்புள்ள ஆவணங்களை வெளிப்படுத்தவும் காட்டவும் கோர்ட் உத்தரவிடலாம். பிரதிவாதி அதை மீறினால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கலாம். அன்று மிராசுதார் வீட்டில் பூட்டிக் கிடந்த நோட்டு இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. மின்னணுப் பதிவும் சட்டப்படி ஆவணம்தான். கேட்கத் தெரிந்த வக்கீல் வேண்டும், கேட்கச் சொல்லத் தெரிந்த நாம் வேண்டும்.

தோழர்களே, ஊர்க் கிளைகளில் இவற்றைப் பழக்கமாக்குவோம்:

வீடியோ எடுத்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போகும், எடுத்த நேர விவரமும் போய்விடும். அசல் ஃபைலை வையுங்கள்.

சிசிடிவி பதிவு சில நாட்களில் தானே அழிந்து புதிது ஏறும். அன்றே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்.

யார் எடுத்தது, எந்த போன், என்ன நேரம், யாருக்குக் கொடுத்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு கையெழுத்துப் போட்டு வையுங்கள். இந்த முறை கணக்கு நோட்டு நம் வீட்டில் இருக்கட்டும்.