அம்மை கழட்டுன விலங்கு: பாளையங்கோட்டைச் சிறை உடைப்பு

கொள்ளைப் படம்னா நமக்கு ஃபார்முலா தெரியும். உள்ளே பொக்கிஷம், சுத்திப் பலத்த காவல், வெளியே திட்டம் போடுற கூட்டம். இன்னைக்குக் கதையில எல்லாமே இருக்கு. ஆனா அந்தப் பொக்கிஷம் அண்ணன் தம்பி ரெண்டு பேர்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடிச்சார். அக்டோபர் 16 அன்னைக்குக் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டாங்க. கோட்டையை இடிச்சாங்க. தம்பிகள் ஊமைத்துரையும் செவத்தையாவும் விலங்கோட பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனாங்க.

சிறைக்குள்ள அம்மை வந்தது. அதனால கைதிகளோட விலங்கைக் கழட்டி வச்சாங்க. 1801 பிப்ரவரி 2, சாயங்காலம். வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தாங்க. ஆயுதத்தை மறைச்சுக்கிட்டு மாறுவேஷத்துல வந்த ஆட்கள் வெளியே, விலங்கில்லாத கைதிகள் உள்ளே. காவலை மடக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

பாஞ்சாலங்குறிச்சி அங்கிருந்து சுமார் 30 மைல். விடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்தாங்க. வழிநெடுக இருந்த காவல்ல நூறு பேருக்கு மேல ஆயுதத்தைப் பறிச்சாங்கன்னு ஜேம்ஸ் வெல்ஷ் எழுதுறார். எதிர்த்துச் சண்டை போட்ட கம்பெனிப் படை அதிகாரி அவர். அவரோட நினைவுக் குறிப்புகள் 1830ல் வெளிவந்தது.

ஒரு வாரத்துல கம்பெனிப் படை வந்து பார்த்தா, தரைமட்டமாக்குன கோட்டை எழுந்து நிக்குது! ஏறக்குறைய 500 அடிக்கு 300 அடி, முழுக்க மண்ணு. மார்ச் 31 தாக்குதலில் அந்த மண் சுவரைத் தாண்ட முடியல. மே 24 அன்னைக்குத்தான் விழுந்தது.

பேச முடியாத ஊமைத்துரை எப்படிக் கட்டளை கொடுத்தார்? உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரப் படை. மறு கையால ஒரே வீச்சுல தள்ளிவிடுவார். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு.

கோட்டை விழுந்த அன்னைக்கு அவர் காயம்பட்டு, பிணங்களுக்கு நடுவுல கிடந்தார். மகனைத் தேடி ஒரு தாய் வந்தாங்க. உயிர் போற நிலையில இருந்த மகன், என்னை விடு, பக்கத்துல கிடக்கிற சாமியைக் காப்பாத்துன்னு கேட்டான். சாமின்னா ஊமைத்துரை. அவரைத் தூக்கிட்டுப் போய் வீட்டுல மறைச்சாங்க. கம்பெனி பக்கம் இருந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தப்ப, பெண்கள் அவர் மேல வெள்ளைத் துணியைப் போர்த்தி ஒப்பாரி வச்சாங்க. அம்மையில செத்துட்டான்னு சொன்னதும், வந்தவங்க தெறிச்சு ஓடிட்டாங்க.

கவனிச்சீங்களா? ரெண்டு தடவையும் உதவுனது அம்மைதான். சாஃப்ட்வேர்ல பாதுகாப்பு பத்திப் பேசும்போது ஒண்ணு சொல்வோம்: பூட்டு எவ்வளவு பலம்னு பார்க்காதே, எந்தச் சூழ்நிலையில அதைத் திறந்து வைக்கிறோம்னு பாரு. 1801ல் அந்தச் சூழ்நிலை அம்மை.

ஊமைத்துரை மருது சகோதரர்களோட சிவகங்கையில் சேர்ந்தார். அக்டோபர் 24ல் மருதுகளுக்கும், நவம்பர் 16ல் அவருக்கும் தூக்கு. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைச்சாங்க. இப்ப அங்க நிக்கிறது 1974ல் கட்டுன நினைவுக் கோட்டை. அங்க போனா, மகனை விட்டுட்டுச் சாமியைத் தூக்குன அந்தத் தாயையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.