முத்துக்குளித்த கடலில் ஸ்கூபா: தூத்துக்குடியில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க முடியுமா?

கடலடியில் கிடக்கும் பழைய கப்பல், அதைச் சுற்றி மீன் கூட்டம். இப்படி ஒரு வீடியோவைப் பார்த்ததும் 'நாமும் ஒருமுறை போகணும்' என்று பலருக்கும் தோன்றும். அமெரிக்காவின் மிச்சிகனில், பெரும் ஏரிகளில் மூழ்கிய கப்பல்களுக்காகவே ஒரு ஸ்கூபா கிளப் விழா நடத்தி வந்திருக்கிறது. சரி, நூற்றாண்டுகளாகக் கடலுக்குள் மூச்சடக்கி இறங்கிய ஊர் தூத்துக்குடி. இங்கே அப்படியொரு விழா நடந்தால் என்ன பார்க்கலாம்?

முழுக் கப்பலை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மரக்கப்பல் ஏன் மிஞ்சுவதில்லை?

மிச்சிகன் ஏரிகளின் நீர் குளிர்ந்த நன்னீர். அதில் மரம் 100, 150 ஆண்டுகள் ஆனாலும் அப்படியே நிற்கும். மன்னார் வளைகுடாவோ வெதுவெதுப்பான உப்புக்கடல். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு இங்கே வேகமாக வேலையை முடித்துவிடும். மணலுக்குள் புதைந்த பகுதி தப்பினால் உண்டு. மற்றபடி மிஞ்சுவது நங்கூரம், பானை ஓடு, உலோகக் கட்டி போன்ற சரக்குதான்.

பூம்புகார் கடலில் தேசிய கடலியல் நிறுவனம் ஆய்வு செய்த கப்பல் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடைத்தவை ஈயக் கட்டிகள். அவற்றில் 'பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. கப்பலின் காலத்தைச் சொன்னது அந்தச் சரக்குதான்.

இதைவிடச் சுவாரசியமானது இலங்கையின் தென்கரையில் உள்ள கொடவாய. 2003-இல், 30 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், சுமார் 2,000 ஆண்டுகள் பழமையான கப்பலின் சரக்கு அங்கே கண்டறியப்பட்டது. கண்ணாடிக் கட்டிகளும் பானைகளும் இருந்தன. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரியவந்த கப்பல்களில் மிகப் பழமையானது இதுவே என்கிறார்கள். முதலில் பார்த்தது யார் தெரியுமா? ஆராய்ச்சியாளர்கள் இல்லை, சங்கு குளிப்பவர்கள்!

கடலடியில் எங்கே பாறை, எங்கே மணல், எங்கே வலை மாட்டும் என்று தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். தூத்துக்குடியில் மூழ்கிய கப்பலைத் தேடுவதென்றாலும் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

அவர்கள் எப்படி இறங்குகிறார்கள்?

முத்துக்குளித்த காலத்தில் காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவார்கள். சுறா வராமல் மந்திரம் சொல்ல 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார். அவருக்குக் கிடைத்த பங்கைப் பற்றி மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பது மட்டும் நிற்கவில்லை.

ஆனால் முறை மாறிவிட்டது. படகில் கம்ப்ரஸர், அதிலிருந்து நீண்ட டியூப், வாயில் காற்று. இதில் நீண்ட நேரம் அடியிலேயே இருக்க முடியும். ஆபத்தும் அங்கேதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேரும். சட்டென மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழியாகும். மூட்டுவலியில் தொடங்கி, கால் செயலிழப்பு, மரணம் வரை போகலாம். மூச்சடக்கி ஒரு நிமிடம் இறங்கிய தாத்தாவுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டியூப்பில் மணிக்கணக்காக இருக்கும் பேரனுக்கு அதிகம்.

பொழுதுபோக்காக ஸ்கூபா செய்பவருக்குச் சான்றிதழ், ஆழத்தைக் காட்டும் கருவி, பயிற்சியாளர் எல்லாம் இருக்கின்றன. பிழைப்புக்காக அதே கடலில் இறங்குபவருக்கு இவை எதுவும் கட்டாயமில்லை. இங்கே விழா நடத்த நினைப்பவர்கள் முதலில் இந்த இடைவெளியைப் பற்றித்தான் பேச வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற கேள்வி சுற்றுலாப் பயணிக்கும் சங்கு குளிப்பவருக்கும் பொதுவானது.

உண்மையான கப்பலைப் பார்க்கணும்னா?

பக்கத்தில் என்றால் மட்டக்களப்பு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை அங்கே மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லையே 40 மீட்டர் என்பதால் புதியவர்களுக்கு அது ஆகாது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் இருக்கிறது. அதற்கும் அடிப்படைச் சான்றிதழ் போதாது, அதன் எல்லை 18 மீட்டர்தான். இன்னொரு விஷயம், தூத்துக்குடியில் கச்சான் காற்று அடித்துக் கடல் கலங்கும் மாதங்களில்தான் கிழக்கிலங்கைக் கடல் அமைதியாக இருக்கும்.

எதைத் தொடக்கூடாது?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. பவளத்தை வெட்டி எடுத்ததால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன.

மூழ்கிய கப்பலில் கிடைக்கும் நாணயமோ பானை ஓடோ 'ஞாபகத்துக்கு' எடுத்து வரும் பொருள் இல்லை. 100 ஆண்டுகளைத் தாண்டியது தொல்பொருள். கிடந்த இடத்தைவிட்டு நகர்த்தினாலே அது சொல்லும் வரலாறு பாதி போய்விடும். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, காது அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்குப் படகிலேயே இருந்துவிடுவது நல்லது. பல முறை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். வாகைக்குளத்தில் மாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு காலையில் கடலில் இறங்காதீர்கள்.