சிகாகோவில் ஒரு பழைய சண்டை

மேடையில் சொல்லப்படும் கவிதை என்றால் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். கவியரங்கங்களைக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இது வராமல் இருக்க முடியாது. ஒரு வரியை இரண்டு தடவை சொல்வது, இரண்டாம் தடவை கைதட்டலுக்காக நிறுத்துவது, தலைவரைப் புகழ்ந்துவிட்டு இறங்குவது. 'எழுத்து' 1959-ல் தொடங்கிய பிறகு புதுக்கவிதை இந்த மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனியே உட்கார்ந்து வாசிக்கிற ஒருவனை நோக்கித்தான் பேசியது. நானும் அந்த வழியில் வந்தவன். ஆகவே, கவிஞர்கள் மதுக்கூடத்தில் ஏறிக் கவிதை சொல்ல, குடித்துக்கொண்டிருப்பவர்கள் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் 'ஸ்லாம்' என்ற ஒன்று சிகாகோவில் பிறந்ததாக முதலில் படித்தபோது, அமெரிக்க அபத்தங்களில் இதுவும் ஒன்று என்று ஒதுக்கிவிட்டேன். பிறகு அந்த நகரத்தின் இலக்கிய வரலாற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க நேர்ந்தது. நான் ஒதுக்கியது, நமக்கும் தீராமல் கிடக்கிற ஒரு பழைய சண்டையின் பிற்பகுதியை என்று அப்போதுதான் தெரிந்தது.

முற்பகுதி 1912 அக்டோபரில் தொடங்குகிறது. அந்த மாதம் ஹேரியட் மன்றோ சிகாகோவிலிருந்து 'பொயட்ரி' என்ற மாதப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். மாட்டையும் பன்றியையும் வெட்டி டப்பாவில் அடைத்து, தானியத்தை ரயிலேற்றிப் பணம் சேர்த்த நகரம் அது. மன்றோ அந்தப் பணக்காரர்களிடமே போனார். ஆளுக்கு வருஷம் 50 டாலர், ஐந்து வருஷத்துக்கு, ஏறத்தாழ நூறு பேர். இதுதான் மூலதனம். கார்ல் சான்ட்பர்க் சிகாகோவைப் பற்றி எழுதிய கவிதைகள் 1914-ல் இதில் வந்தன. எலியட்டின் புரூஃப்ராக் 1915-ல் இதில்தான் வந்தது. சிறுபத்திரிகை என்று நாம் சொல்கிற ஜாதிக்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

கவிஞனின் உயரம் அவனைக் கேட்பவர்களின் உயரத்தையும் பொறுத்தது என்ற கருத்துள்ள விட்மன் வாக்கியம் ஒன்றை மன்றோ பத்திரிகையின் இலச்சினை வாசகமாகப் போட்டுவந்தார். லண்டனிலிருந்து அதற்கு வெளிநாட்டு நிருபராக இருந்த எஸ்ரா பவுண்டுக்கு இது பொறுக்கவில்லை. கலைஞன் கூட்டத்தை நம்பி இருப்பவனல்ல, கூட்டம்தான் என்றோ ஒருநாள் அவனிடம் வந்து சேரவேண்டும் என்பது அவர் கட்சி. சுற்றிலும் மனிதர்களே இல்லாத இடத்தில் கலை உயிரோடு இருக்காது என்பது மன்றோவின் பதில். 1914-ல் இந்த வாதம் அந்தப் பத்திரிகையிலேயே அச்சாகியது. இன்று படிக்கும்போது இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நடைமுறையில் ஜெயித்தது பவுண்ட் கட்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கவிதை மெல்ல மெல்லப் பல்கலைக்கழகத்துக்குள் குடிபோயிற்று. கவிஞன் பேராசிரியனானான். அவனைக் கேட்க வந்தவர்கள் அவனுடைய மாணவர்கள், அல்லது அடுத்து வாசிக்கத் தங்கள் முறைக்குக் காத்திருந்த மற்ற கவிஞர்கள்.

இதற்கு வெளியே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். அதே நகரத்தின் தெற்குப் பகுதியில், கறுப்பர்களின் வட்டாரத்தில், குவெண்டலின் புரூக்ஸ் இருந்தார். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பரிசு வந்தது 1950-ல். அவர் அங்கேயே நின்றிருக்கலாம். 1967-க்குப் பிறகு, பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற தெருக் கும்பலின் இளைஞர்களோடு உட்கார்ந்து கவிதை பேசினார். டான் லீ போன்ற இளம் கவிஞர்கள் முன்னறிவிப்பில்லாமல் மதுக்கடைக்குள் நுழைந்து கவிதை சொன்னபோது கூடவே போனார். ஸ்லாமின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் 1986-ல் ஆரம்பித்துவிடுகிறார்கள். அது பிழை. மதுக்கடையில் கவிதையைக் கேட்க முடியும் என்று அந்த நகரத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

மார்க் ஸ்மித் கட்டிட வேலை செய்தவர். பல்கலைக்கழகக் கவிதை வாசிப்புகளில் கேட்பவர்கள் மரியாதைக்காகத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்குச் சகிக்கவில்லை. 1984-ல் 'கெட் மி ஹை' என்ற சிறிய ஜாஸ் கூடத்தில் வாரம் ஒருநாள் வாசிப்பு தொடங்கினார். 1986 ஜூலையில் அது 'கிரீன் மில்'லுக்கு இடம் மாறி, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியானது. வடக்கே அப்டவுன் வட்டாரத்தில், பிராட்வேயும் லாரன்ஸ் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது கிரீன் மில். மதுவிலக்குக் காலத்தில் அல் கபோனின் ஆட்கள் புழங்கிய இடம். எண்பதுகளில் அந்த வட்டாரத்தில் இருந்தவர்கள் அப்பலாச்சிய மலைகளிலிருந்து பிழைக்க வந்த ஏழை வெள்ளையர்கள், செவ்விந்தியர்கள், வியட்நாம், கம்போடிய அகதிகள். கவிதைக்கென்று யாரும் தேர்ந்தெடுக்கும் இடமல்ல.

போட்டி முதலில் ஒரு நிரப்பல்தான். நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்குச் சரக்குப் போதாமல் போகவே, கவிஞர்களை மோதவிட்டு, கூட்டத்திலிருந்தே நடுவர்களைப் பிடித்து மதிப்பெண் போடச் சொன்னார் ஸ்மித். பின்னால் இது தேசியப் போட்டியானபோது விதிகள் உறுதிப்பட்டன. ஐந்து நடுவர்கள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை, தசமப் புள்ளியோடு. அதிகமானதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டினால் முப்பதுக்கு இவ்வளவு. மூன்று நிமிஷம், தாண்டினால் கழிவு. வேஷம், பொருள், வாத்தியம் எதுவும் கூடாது. சொந்தக் கவிதையாக இருக்கவேண்டும்.

ஒரு கவிதைக்கு 8.3 என்பது மடத்தனம் என்று யாருக்கும் தெரியும். அது மடத்தனமாக இருந்ததில்தான் விஷயமே இருந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. முன்பின் தெரியாத ஒருவன் பியர் கோப்பையோடு எழுந்து 4.2 என்கிறான், கூட்டம் அவனையே ஊளையிடுகிறது. கிரீன் மில்லில் கவிதை பிடிக்காவிட்டால் விரல் சொடுக்குவார்கள், அதற்கும் அசையாவிட்டால் காலைத் தட்டுவார்கள். ஸ்மித் தன் பெயரைச் சொன்னால் அவரையே 'அதனாலென்ன?' என்று கூட்டமாகக் கேட்பார்கள். விமர்சகன் என்ற பதவியைக் கிண்டல் செய்த விளையாட்டு இது. ஆனால் அந்தக் கிண்டலுக்குள், கேட்பவனுக்கு அலுத்துப்போகவும் உரிமை உண்டு என்ற உண்மை இருந்தது.

விளையாட்டு விளையாட்டாக இருந்தவரை நல்லது. 1989-ல் நியூயார்க்கின் நியூயோரிக்கன் கஃபே மறுபடி திறந்தபோது பாப் ஹோல்மன் ஸ்லாமை அங்கே கொண்டுபோனார். 1990-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி. 2002-லிருந்து 2007 வரை தொலைக்காட்சியில் 'டெஃப் பொயட்ரி'. மதிப்பெண் நிஜமாகிவிட்டது. எந்த இடத்தில் குரல் உயரவேண்டும், எந்த இடத்தில் உடையவேண்டும், எந்தத் துயரத்துக்குக் கூட்டம் எழுந்து நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துபோயிற்று. நம் கவியரங்க நோய்தான்; தலைவரின் இடத்தில் கவிஞனின் சொந்தக் காயம், அவ்வளவே வித்தியாசம். ஹெரால்ட் ப்ளூம் 2000-ல் இதைக் கலையின் சாவு என்றார். ப்ளூமை விடுங்கள், ஸ்மித்தே இந்த வியாபாரத்தைக் கண்டு கசந்துபோனார்.

இத்தோடு முடித்திருந்தால் என் பழைய சந்தேகம் நிரூபணமாகியிருக்கும். ஆனால் பட்ரீஷியா ஸ்மித் குறுக்கே நிற்கிறார். சிகாகோவின் மேற்குப் பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண். கிரீன் மில்லில் உருவானவர். தேசிய ஸ்லாமில் நான்கு முறை ஜெயித்தவர். கறுப்பர்களை வெறுக்கும் மொட்டைத்தலை வெள்ளை இளைஞன் ஒருவன் தன் வாயாலேயே பேசும் கவிதையை அவர் மேடையில் சொல்லுவார். அந்த வெறுப்பு எந்த உடலைக் குறிவைத்ததோ, அந்த உடலின் வாயிலிருந்தே வெளிவருகிறது. இந்த முரணை அச்சில் கொண்டுவர முடியாது. காகிதத்தில் அது ஒரு நல்ல பாத்திரக் கவிதை. அந்தக் கூடத்தில் அது வேறு. மேடை கவிதைக்கு ஒட்டாத அலங்காரம் என்று இத்தனை காலம் நினைத்திருந்த எனக்கு, மேடை கவிதையின் பொருளிலேயே ஒரு பகுதியாக முடியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் அச்சிலும் தோற்கவில்லை என்பதற்கு, கத்ரீனா புயலைப் பற்றிய 2008-ன் 'பிளட் டாஸ்லர்' தொகுப்பே போதும்.

'பொயட்ரி' பத்திரிகைக்கு 2002-ல் ரூத் லில்லி என்ற மருந்துக் கம்பெனி வாரிசு பத்துக் கோடி டாலருக்கும் மேல் கொடுத்தார். 2011-ல் சுப்பீரியர் தெருவில் அதற்குச் சொந்தக் கட்டிடம் எழுந்தது. அந்த அம்மாள் பெயரிலுள்ள பரிசை 2021-ல் பட்ரீஷியா ஸ்மித்துக்குக் கொடுத்தார்கள். மன்றோ கேட்ட கேட்பவர்கள் மதுக்கூடத்தில்தான் உருவானார்கள் என்பதைப் பத்திரிகையே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதாக இதை நான் படிக்கிறேன். சமரசம் என்றும் சிலர் சொல்லக்கூடும்.

நாம் சில நூறு பிரதிகள் போடுகிறோம். படிப்பவர்கள் எழுதுபவர்கள்தான். கவியரங்கத்தைத் துறந்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் துறந்தபோது, அலுப்பாயிருக்கிறது என்று காலைத் தட்டிச் சொல்லக்கூடிய அந்த அந்நியனையும் சேர்த்துத் துறந்துவிட்டோம். என் கவிதைகள் வந்து இத்தனை வருஷத்தில் யாரும் அவற்றை நோக்கி ஊளையிட்டதில்லை. அதை நான் கௌரவம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.