வாசிக்கும் குழாய்

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நினைவகத்தின் வளர்ச்சியையே எழுதுகிறார்கள். ஏட்டுக்கட்டைப் போற்றிவிட்டு, அதை அவிழ்த்து வாசித்தவரை மறப்பதைப் போன்றது இது. கணினிக்குள் அந்த வாசகரின் இடத்தில் இருப்பவை பதிவகங்கள்.

1948 ஜூன் 21 அன்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகியோர் உருவாக்கிய 'பேபி' என்னும் சிறு கணினி, தன் மின்னணு நினைவகத்தில் சேமித்திருந்த நிரலை இயக்கிக் காட்டியது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தது போன்ற எதிர்மின்கதிர்க் குழாய்தான் அதன் நினைவகம். அதில் 32 வரிகள். வரிக்கு 32 புள்ளிகள். மின்னேற்றம் நொடிக்குள் கசிந்துவிடும் என்பதால், இயந்திரம் அவற்றை ஓயாமல் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று, கணக்கின் விடையைத் தாங்கும் திரட்டி. மற்றது கட்டுப்பாட்டுக் குழாய். அதில் இரண்டே சொற்கள். ஒன்றில் ஆணையின் வரியெண், மற்றொன்றில் அந்த ஆணையின் படி. ஒவ்வொரு சுற்றிலும் வரியெண்ணோடு முதலில் 1 கூட்டப்படும். அவ்வெண் சுட்டும் ஆணை நினைவகத்திலிருந்து படியெடுக்கப்படும். அதன் பிறகே அது இன்ன ஆணை என்று அறியப்பட்டு நிறைவேறும். எடுக்கும் முன்பே 1 கூட்டப்பட்டதால், பேபியின் நிரல்கள் 0ஆம் வரியில் அல்ல, 1ஆம் வரியில் தொடங்கின.

சில நாள்களில், 2,62,144 என்னும் எண்ணின் மிகப்பெரிய காரணியை (அந்த எண் நீங்கலாக) அது 52 நிமிடங்களில் கண்டது. நிறைவேறிய ஆணைகள் ஏறத்தாழ 21 இலட்சம். நினைவகத்தை அணுகியது ஏறத்தாழ 35 இலட்சம் முறை. ஒவ்வோர் ஆணையையும் ஒருமுறை எடுத்தாக வேண்டும் அல்லவா? ஆகவே பாதிக்கும் மேற்பட்ட முறை அது நினைவகத்தை நாடியது, எண்களுக்காக அன்று; அடுத்து என்ன செய்வது என்று படிப்பதற்காக.

ஒரு குறை எஞ்சியிருந்தது. ஒரே ஆணையை அடுத்தடுத்த வரிகளின்மீது செலுத்த வேண்டுமானால், நினைவகத்தில் இருக்கும் அந்த ஆணையையே நிரல் திருத்தி எழுத வேண்டும். 1949இல் மான்செஸ்டர் மார்க் 1 கணினியில் வந்த 'பி' குழாய் இதை மாற்றியது. 'ஏ' திரட்டிக்கும் 'சி' கட்டுப்பாட்டுக்கும் உரியவையானதால் இதற்கு 'பி' வாய்த்தது. ஆணை எடுக்கப்படும்போது 'பி'யிலுள்ள எண் அதனோடு கூட்டப்படும். நினைவகத்திலுள்ள ஆணை அப்படியே இருக்கும்.

மூலத்தில் கைவைக்காமல் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரின் ஒழுக்கம் இது. சுவடியோடு பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்றைய கணினிகளிலும் அடுத்த ஆணையின் முகவரியை ஒரு பதிவகமே தாங்கி நிற்கிறது. எவ்வளவு பெரிய நினைவகமும் அது சுட்டும் வரை வாசிக்கப்படாத ஏடுதான்.