ஒரு டயர் வியாபாரியின் பம்ப்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்றொரு ஊர். அங்கே கெடிங்ஸ் ஆஸ்பன் என்பவர் டயர் தொழில் நடத்திவந்தார். 1960களில் அவருக்கு ஆணுறுப்பு விறைப்பது நின்றுபோனது. அந்தக் காலத்தில் இதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி சிகிச்சை எதுவும் கிடையாது. மனசு சம்பந்தப்பட்ட கோளாறு என்றோ, வயதானால் இப்படித்தான் என்றோ சொல்லித்தான் டாக்டர்கள் பெரும்பாலும் அனுப்பிவைத்தார்கள். ஆஸ்பன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. காற்று, ரப்பர், வால்வு மூன்றும் அவருக்கு அன்றாடம் புழங்கிய பொருட்கள். டயருக்குள் காற்றை அடைக்கத் தெரிந்தவர், ஒரு குழாய்க்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி வெளியே எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தார்.

நடப்பது இதுதான். ஒரு பக்கம் மூடிய குழாய்க்குள் உறுப்பை வைத்து, திறந்த வாய் உடம்போடு ஒட்டிப் பொருந்தும்படி அழுத்திப் பிடித்து, காற்றை உறிஞ்சினால் உள்ளே அழுத்தம் குறைகிறது. ரத்தம் உறுப்புக்குள் இழுக்கப்படுகிறது. உறுப்பு பெருத்து விறைக்கிறது. குழாயைக் கழற்றினால் ரத்தம் வந்த வழியே போய்விடும் என்பதால், கழற்றும் முன் அடிப்பகுதியில் ஒரு இறுக்கமான ரப்பர் வளையத்தை இறக்கிவிட வேண்டும். மொத்தக் கருவியும் அவ்வளவுதான். ஆஸ்பன் முதலில் இதைத் தனக்காகத்தான் செய்துகொண்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவரே பயன்படுத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால், ‘இளமைக்கு நிகரான கருவி’.

யோசனை அதற்கும் பழையது. 1874-லேயே ஜான் கிங் என்ற அமெரிக்க மருத்துவர், ஆண்மை குறைந்தவர்களுக்குக் காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். குழாயை எடுத்ததும் விறைப்பும் போய்விடும் என்பதுதான் அதில் இருந்த சிக்கல். அந்தச் சிக்கலை வளையம் போட்டுத் தீர்த்தவர் வியன்னாவைச் சேர்ந்த ஓட்டோ லெடரர். 1917-இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உறிஞ்சும் குழாயும் இறுக்கும் வளையமும் சேர்ந்த முழு வடிவம் அன்றே காகிதத்தில் வந்துவிட்டது. அப்படியும் அரை நூற்றாண்டு அதை யாரும் மருத்துவமாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் மருத்துவ உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த ஐம்பது ஆண்டுகள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. எத்தனையோ பேர் அந்த ஐம்பது ஆண்டுகளையும் வாயைத் திறக்காமலே கழித்திருப்பார்கள்.

ஆஸ்பன் தன் கருவியை 1970களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1976-இல் மருத்துவக் கருவிகளுக்கான புதிய சட்டம் அமெரிக்காவில் வந்ததால், மருந்துகளைக் கவனிக்கும் எஃப்.டி.ஏ.வின் பார்வைக்குள் இதுவும் வந்தது. 1982-இல் அனுமதி கிடைத்தது. ‘எரெக்எய்ட்’ என்ற பெயரில், டாக்டர் எழுதித் தரும் சீட்டுக்கு விற்கப்படும் பொருளாக அது மாறியது. 1986-இல் டெக்சாஸைச் சேர்ந்த பெரி நாடிக் என்ற யூராலஜிஸ்டும் அவருடைய சகாக்களும், நோயாளிகளிடம் இதைப் பரிசோதித்து மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். டாக்டர்கள் மத்தியில் மதிப்பு வந்தது அதன் பிறகுதான். 1996-இல் அமெரிக்க யூராலஜி சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில், விறைப்புக் குறைவுக்கு ஏற்ற சிகிச்சைகளாக மூன்றைச் சொன்னார்கள்: ஊசி, அறுவை செய்து உள்ளே வைக்கும் செயற்கைத் தண்டு, இந்தப் பம்ப்.

இதே கால அளவில் இன்னொரு கதையும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புரோஸ்டேட் புற்றுநோய்க்குச் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிடும் அறுவையை 1904-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் தொடங்கிவைத்தார். புற்றுநோய் போகும். கூடவே விறைப்பும் போகும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் போனது. அதை அறுவைக்குக் கொடுக்கும் விலையாகவே எண்பது ஆண்டுகள் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். விறைப்பைத் தரும் நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்பது அறுவை செய்பவர்களுக்கே தெளிவாகத் தெரியாமல் இருந்தது.

1981-இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பாட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயிருந்தார். அங்கே ஓய்வு பெற்ற யூராலஜி பேராசிரியர் பீட்டர் டாங்கர், இறந்து பிறந்த சிசுக்களின் உடல்களில் நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் உடலில் கொழுப்புக்கும் நார்த்திசுவுக்கும் நடுவே மறைந்துவிடும் அந்த நரம்புகள் சிசுவின் உடலில் கண்ணுக்குத் தெரிந்தன. இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்த்தபோது, அவை புரோஸ்டேட்டுக்குள் போகாமல் அதன் இரு பக்கமும் வெளியே ஒட்டினாற்போல ஓடுவது புலப்பட்டது. வெளியே ஓடுகிறது என்றால் அதை விட்டுவைத்து அறுக்கலாம். அந்த நோக்கத்தோடு வால்ஷ் முதல் அறுவையைச் செய்தது 1982 ஏப்ரலில். ஆஸ்பனின் பம்புக்கு அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

நரம்பைக் காக்கும் அறுவை வந்த பிறகு பம்புக்கு வேலை இருக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அறுக்காமல் விட்ட நரம்பும் உடனே வேலை செய்வதில்லை. விலக்கியதிலும் இழுத்ததிலும் சூடு பட்டதிலும் அது மரத்துப்போகிறது. திரும்பி வர பலருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். சிலருக்கு முழுவதும் வருவதே இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் படித்துவிட்டு அமெரிக்கா போன மணி மேனன், டெட்ராய்ட் நகரில் ரோபோ வழியாகப் புரோஸ்டேட் அறுவை செய்யும் முறையை 2000-க்குப் பிறகு பெரிய அளவில் வளர்த்தெடுத்தார். இன்று சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும்கூட அது நடக்கிறது. ரத்த இழப்பு குறைந்தது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் குறைந்தது. நரம்பு விழித்துக்கொள்ளக் காத்திருக்கும் மாதங்களை மட்டும் ரோபோவாலும் ஒழிக்க முடியவில்லை. புற்று நரம்பு வரை படர்ந்திருந்தால் நரம்பையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும். உயிரா விறைப்பா என்று வந்தால் டாக்டர் உயிரைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

1998 மார்ச்சில் வயாக்ரா வந்தது. ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர் என்று விஷயம் முடிந்துவிட்டதால் பம்பை மறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘ஆஸ்டின் பவர்ஸ்’ படம் பம்பைக் கேலிப்பொருளாகவே ஆக்கிவிட்டிருந்தது. ஆனால் அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், யாருக்கு அது கைகொடுக்காது என்பதும் புரியும். விறைப்பு தொடங்க, நரம்பு நுனியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவர வேண்டும். அது கிளப்பிவிட்ட வேலையை நீட்டித்துக் கொடுப்பதுதான் மாத்திரையின் பங்கு. நரம்பே அறுபட்டவருக்கு நீட்டித்துக் கொடுக்க எதுவும் இல்லை. மரத்துப்போன நரம்புக்காரருக்கும் முதல் மாதங்களில் மாத்திரை பல நேரம் ஏமாற்றிவிடுகிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவரோ வயாக்ராவைத் தொடவே கூடாது. பம்புக்கு நரம்பின் தயவு தேவையில்லை. ரத்தக்குழாயும் காற்றழுத்தமும் இருந்தால் போதும். டயர் வியாபாரி செய்த கருவி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குள் இடம்பிடித்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

பிறகு அதற்கு இரண்டாவது வேலையும் வந்தது. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் இரவில் பல முறை தானாக விறைப்பு வரும். நல்ல ரத்தமும் அதோடு ஆக்சிஜனும் திசுவுக்குப் போய்ச் சேர்வது அப்போதுதான். அறுவைக்குப் பிறகு அது நின்றுவிட்டால், உறுப்பின் உள்ளே இருக்கும் மென்மையான தசை மெல்ல மெல்ல நார்த்திசுவாகிவிடும். உறுப்பு சுருங்கும், நீளம் குறையும். 1997-இல் மிலான் நகரில் ஃபிரான்செஸ்கோ மான்டோர்சி குழுவினர் 30 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், அறுவை முடிந்த கொஞ்ச நாளிலேயே வாரம் மூன்று முறை உறுப்பில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் அதிகம் பேருக்கு விறைப்பு திரும்பியது. பயன்படுத்தாமல் விட்டால் கெட்டுப்போகும், ஆகவே சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. 2007-இல் வந்த ஓர் ஆய்வில் 28 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். அறுவைக்கு ஒரு மாதம் கழித்துப் பம்பைத் தொடங்கியவர்களுக்கு நீளம் பெரும்பாலும் குறையவில்லை. ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்களுக்குச் சுமார் 2 செ.மீ. குறைந்திருந்தது.

இங்கே அளவாகப் பேச வேண்டும். பம்ப் போட்டால் இயற்கையான விறைப்பு திரும்பிவிடும் என்று இந்த ஆய்வுகள் நிரூபித்துவிடவில்லை. நீளத்தைக் காக்க உதவுகிறது, விரும்பும்போது உறவுக்குப் போதுமான விறைப்பைத் தருகிறது. இந்த இரண்டுக்கு மேல் வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

வாங்கியதும் என்ன செய்வது என்பதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பலர் முதல் நாளே சலித்து அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். டாக்டர் அனுமதித்த பிறகுதான் தொடங்க வேண்டும். உள்காயம் ஆறச் சில வாரமாவது ஆகும். முதல் சில தடவை தனியாக, அவசரமில்லாத நேரத்தில் பழகுவது நல்லது. அடிப்பகுதி முடியைக் கத்தரித்துக்கொண்டு, குழாயின் வாயிலும் உறுப்பிலும் தண்ணீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஜெல் குறைந்தால் காற்று கசியும், கசிந்தால் எவ்வளவு பம்ப் அடித்தும் பயனில்லை. வேகமாக அடிக்கக் கூடாது. இரண்டு மூன்று அடி, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி இரண்டு மூன்று அடி. விதைப்பையின் தோல் உள்ளே இழுபட்டால் சுரீரென்று வலிக்கும். உடனே காற்றைத் திறந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். திசுவுக்குப் பயிற்சியாக மட்டும் செய்தால் வளையம் வேண்டாம். டாக்டர் சொல்லும் அளவுக்கு, பொதுவாகத் தினமும் சில நிமிடம். உறவுக்கு என்றால் வளையத்தை இறக்கிவிட்டுக் காற்றைத் திறந்து குழாயை எடுக்க வேண்டும்.

வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கவே கூடாது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனால் திசு செத்துப்போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பம்பைத் தொடவே கூடாது. வளையம் போட்டிருக்கும்போது உறுப்பு கொஞ்சம் நீலம் பாரித்து, தொட்டால் சில்லென்று இருக்கும். வளையத்துக்கு மேலேதான் விறைப்பு, கீழே வேர்ப்பகுதி தளர்வு என்பதால் கொஞ்சம் ஆடும். மனைவிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் இது எதுவும் அதிர்ச்சியாக இருக்காது. இன்னொன்றும் தெரிய வேண்டும்: புரோஸ்டேட்டை எடுத்தவருக்கு விந்து வெளிவராது, ஆனால் உச்சம் வரும். விறைப்பு இல்லாமலும் வரும். டாக்டர்கள் சொல்ல மறந்துபோகும் விஷயம் இது. இதைத் தெரிந்துகொள்ளாமல், எல்லாம் முடிந்தது என்று படுக்கையையே பிரித்துப்போட்டுக்கொண்ட தம்பதிகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

கருவியின் பயணத்தில் கடைசித் திருப்பம் பணம் சம்பந்தப்பட்டது. பிரிட்டனில் 1999 முதல், புரோஸ்டேட் புற்றுநோய்க்காரர்கள் விறைப்புச் சிகிச்சையை அரசு மருத்துவத் திட்டத்திலேயே பெறலாம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் வெகுகாலம் பம்புக்குப் பணம் கொடுத்தது. சந்தை விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து அரசு ஏமாந்துகொண்டிருக்கிறது என்று 2013-இல் தணிக்கை அறிக்கை வந்தது. விலையைக் குறைத்திருக்கலாம். மாறாக, மாற்றுத்திறனாளிகளின் சேமிப்புக்காக 2014 இறுதியில் நிறைவேறிய ஒரு சட்டத்துக்கு நிதி சேர்க்க, பம்புக்கான உதவியையே நிறுத்திவிட்டார்கள். 2015 ஜூலை 1 முதல் அமெரிக்க முதியவர் தன் கைக்காசில்தான் வாங்க வேண்டும். ஒருவருக்கு உதவ இன்னொரு நோயாளியின் தட்டில் கைவைத்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

நம் ஊரிலும் இந்தக் கருவி இணையக் கடைகளில் கிடைக்கிறது. அதோடு சேர்த்து, உறுப்பைப் பெரிதாக்கும் என்று விளம்பரம் செய்யும் மலிவான குழாய்களும் கிடைக்கின்றன. அழுத்தம் அளவை மீறாமல் தடுக்கும் வால்வும், காற்றை உடனே திறந்துவிடும் வழியும் இல்லாத குழாயை வாங்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் லாட்ஜ் முகவரியோடு ஒட்டியிருக்கும் நோட்டீசை நம்பியும் போகாதீர்கள். உங்களுக்கோ உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ புரோஸ்டேட் அறுவைக்குத் தேதி குறித்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: நரம்பைக் காக்க முடியுமா, முடியாவிட்டால் அடுத்து என்ன, பம்பை எந்த வாரத்திலிருந்து தொடங்கலாம்? வெட்கப்பட வேண்டாம், அவர் தினமும் பார்க்கும் வேலைதான் இது.