ராத்திரி வைத்தியமும் ஏழை வீட்டுப் பூனையும்

செல்லப்பிராணிக்கு நள்ளிரவில் வைத்தியம் என்றால் பகலைவிடச் செலவு அதிகம். ஒரு நாய்க்காக டாக்டரும் உதவியாளரும் விழித்திருக்க வேண்டுமே! இல்லாதவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1791-ல் லண்டனில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி முக்கியமாகக் குதிரைகளைத்தான் கவனித்தது. குதிரைக்கு விலை உண்டு; அதற்குச் செலவழிப்பது கணக்கில் சேரும். ஏழை வீட்டுப் பூனைக்குச் சந்தையில் ஏது விலை?

1917-ல், முதல் உலகப்போர் நடுவே, மரியா டிக்கின் என்ற அம்மையார் லண்டன் வொயிட்சேப்பலில் ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். அதுதான் பி.டி.எஸ்.ஏ. என்ற அறநிறுவனமாக வளர்ந்தது.

இன்று பிரிட்டனில் 24 மணி நேரமும் அவசர சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது கால்நடை மருத்துவர்களின் தொழில் விதி. கட்டணம் மட்டும் வளர்ப்பவர் பொறுப்பு. அதனால்தான், நூறாண்டு கடந்தும் டிக்கின் அம்மையாரின் அறப்பணி அங்கே தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.